காற்று ஊதிய டாக்டர்

வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது. வெளியே தெரியவில்லை. நோயாளி வெளுத்துக்கொண்டே போகிறார். வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் அந்த அதிர்ச்சியிலேயே உயிர் போய்விடலாம். பார்க்காவிட்டாலும் போய்விடும்.

சுமார் 125 ஆண்டுகளுக்கு முன்பு டாக்டர்கள் இப்படித்தான் தவித்தார்கள்.

ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் கியார்க் கெல்லிங் என்ற டாக்டர் இருந்தார். 1866-ம் ஆண்டு பிறந்தவர். வயிற்று நோய்களைக் கவனிப்பவர். அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. வயிற்றுக்குள் காற்றை அடைத்தால் அது நாலாபக்கமும் அழுத்தும். ரத்தக் குழாயும் அமுங்கும். கசிவு நின்றுவிடும்!

ஆனால் உள்ளே நடப்பதை எப்படிப் பார்ப்பது? மூத்திரப்பையைச் சோதிக்க, நிட்சே என்ற டாக்டர் ஏற்கனவே விளக்கு வைத்த குழாய் ஒன்றைச் செய்திருந்தார். கெல்லிங் அதை எடுத்துக்கொண்டார்.

நாயின் வயிற்றில்

1901-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஹாம்பர்க் நகரில் விஞ்ஞானிகள் கூடினார்கள். அவர்கள் முன்னால் ஒரு நாயின் வயிற்றில் கெல்லிங் காற்றைச் செலுத்தினார். பஞ்சில் வடிகட்டிய சுத்தமான காற்று. வயிறு பலூன் போல உப்பியது. சிறு துளை வழியே குழாயை விட்டார். உள்ளுறுப்புகள் தெரிந்தன!

அவர் செலுத்திய அழுத்தம், பாதரசக் கணக்கில் 50, 60 மில்லிமீட்டர். இன்றைய டாக்டர்கள் கேட்டால் நடுங்குவார்கள். இன்று பெரியவர்களுக்கே பெரும்பாலும் 15-ஐத் தாண்டுவதில்லை. பச்சைக் குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு. கூடினால் மூச்சு திணறும், இதயம் தடுமாறும்.

யார் முதல்வர்?

காற்றடைத்து ரத்தத்தை நிறுத்தும் வைத்தியம் நிலைக்கவில்லை. குழாய் நிலைத்தது. 1910-ம் ஆண்டு சுவீடன் நாட்டு டாக்டர் யாக்கோபியஸ், மனிதர்களின் வயிற்றுக்குள் இப்படிப் பார்த்ததை எழுதினார். நான் முன்பே பார்த்துவிட்டேன் என்றார் கெல்லிங். ஆனால் விவரமாக எழுதி வைக்கவில்லை. பெயரில் பாதி அடுத்தவருக்குப் போயிற்று.

1945-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் டிரெஸ்டன் நகர்மீது குண்டுமாரி பொழிந்தது. அதில் கெல்லிங்கும் மாண்டார். வயது 78.

குழந்தைக்கு ஈரல்

ஈரல் ரத்தம் ஊறிய பஞ்சு போன்றது. வெட்டினால் பெருகும். இப்போது வயிற்றில் கரியமில வாயுவை நிரப்பி, துளை வழியே ஈரலை வெட்டுகிறார்கள். வாயுவின் அழுத்தத்தால் சிறு நாளங்களின் கசிவு மட்டுப்படுகிறது. கெல்லிங் எண்ணியதும் அதுதானே!

சில பச்சைக் குழந்தைகளுக்குப் பித்தக் குழாய் அடைபட்டு ஈரல் கெட்டுவிடும். பெற்றவர்கள் தங்கள் ஈரலில் ஒரு துண்டு கொடுத்தால் பிழைக்கலாம். அதற்கு அவர்கள் வயிற்றை அகலமாகக் கிழிக்கவேண்டி இருந்தது. பிரான்ஸ் நாட்டு டாக்டர்கள் ஒரு தாயிடமும் ஒரு தந்தையிடமும் துளை வழியாகவே ஈரலை வெட்டினார்கள். 2002-ம் ஆண்டு அதை வெளியிட்டார்கள். வெட்டிய துண்டை வெளியே எடுக்க, அடிவயிற்றில் ஒரு சிறு கீறல் போதுமாக இருந்தது.