கோபத்தை வென்ற கௌசிகர்

முன்கோபம் மிக்க ஒருவரைக் கண்டால், இவர் ஒரு விசுவாமித்திரர் என்று சொல்லுவது நம்மவர் வழக்கம். யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளிலே நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் அரிச்சந்திர மயான காண்டத்தை ஆடிய காலத்தில், விடிய விடியக் கண் விழித்துப் பார்த்த முதியோர், சந்திரமதியின் கண்ணீருக்குக் காரணமான அந்த முனிவரை மனம் நொந்து ஏசியதைப் பற்றி என் பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் கல்வி பயின்ற மிஷன் பாடசாலையிலே கிரேக்க வீரன் அக்கிலீசின் கோபம் எங்களுக்குப் பாடமாக இருந்தது. விசுவாமித்திரரின் கோபமோ பாட்டியாரின் திண்ணையிலேதான் எனக்குத் தெரியவந்தது. பல்கலைக்கழகம் புகுந்த பின்னர் வான்மீகி இராமாயணத்துப் பாலகாண்டத்தைப் படித்தபோதுதான், அவரைப் பற்றி நாம் அறிந்தது பாதிக் கதை என்பது விளங்கிற்று. கோபம் அவர் வரலாற்றின் தொடக்கமேயன்றி முடிவு அன்று. அவ்வரலாற்றை நம் சங்கத்து இளைஞர் முன்னும் பெரியோர் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேந்தர் கௌசிகர்

குசன் என்னும் அரசனின் மகன் குசநாபன்; அவன் மகன் காதி; காதியின் மைந்தரே விசுவாமித்திரர். குசனின் குலத்திற் பிறந்தமையாற் கௌசிகர் எனவும் பெயர் பெற்றார். நெடுங்காலம் நாடாண்ட இவ்வேந்தர், ஒருமுறை பெரும் படையோடு நாடுகளையும் நகரங்களையும் ஆறுகளையும் மலைகளையும் சுற்றி வருகையில், வசிட்ட முனிவரின் ஆச்சிரமத்தை அடைந்தார். காட்டிலே காயும் கிழங்கும் உண்டு வாழும் ஒரு முனிவர், ஒரு சேனை முழுவதற்கும் விருந்திட விரும்பினார். வசிட்டரிடம் சபலை என்னும் காமதேனு இருந்தது. அப்பசுவின் அருளால் அறுசுவை உண்டி மலைபோற் குவிந்தது. படைவீரர் அனைவரும் வயிறார உண்டு மகிழ்ந்தனர்.

உண்ட வீட்டிலே வேந்தரின் கண் அந்தப் பசுவின்மேல் விழுந்தது. அரிய பொருள் யாவும் அரசனுக்கே உரியன என்பது அவர் வாதம். முதலில் 1,00,000 பசுக்களைத் தருவதாகச் சொன்னார். வசிட்டர் இசையவில்லை. பின்பு பொற்கச்சை பூண்ட 14,000 யானைகள், வெண்குதிரைகள் நான்கு நான்காகப் பூட்டிய 800 பொற்றேர்கள், உயர்குலக் குதிரைகள் 11,000, பசுக்கள் ஒரு கோடி என விலையை ஏற்றிக்கொண்டே போனார். தமது வேள்வியும் வாழ்வும் அப்பசுவையே சார்ந்தன என்று கூறி, வசிட்டர் மறுத்துவிட்டார்.

விலை கொடுத்துப் பெற முடியாததை வலிமையாற் பெறலாம் என்று எண்ணிய வேந்தர், பசுவை இழுத்துச் செல்ல ஏவினார். சபலை கதறியது; வசிட்டரின் இசைவு பெற்று, தன் உடலினின்றும் படைகளைத் தோற்றுவித்தது. கௌசிகரின் சேனை சிதறியது. வெகுண்டெழுந்த அவருடைய நூறு புதல்வர்கள் வசிட்டர்மேற் பாய்ந்தனர். முனிவரின் ஓர் ஊங்காரத்தால் அவர்கள் சாம்பராயினர். காலையில் விருந்தினராய் வந்தவர், மக்களையும் படையையும் இழந்து நாணித் தலைகுனிந்து நின்றார்.

இரண்டாம் தோல்வி

அவமானம் ஒருவனுக்கு அறிவைக் கொடுக்கும் என்பர். ஆனால் உடனே கொடுப்பதில்லை. கௌசிகருக்கு அது முதலிற் கொடுத்தது பழிவாங்கும் எண்ணத்தையே. எஞ்சிய ஒரு மகனிடம் நாட்டை ஒப்புவித்து, இமயமலைச் சாரலிலே சிவபெருமானை நோக்கித் தவஞ்செய்தார். தேவரும் அசுரரும் கையாளும் அத்திரங்கள் யாவும் தமக்கு வேண்டும் என்று கேட்டுப் பெற்றார். பெற்றவுடன் செருக்கு முன்னையினும் பன்மடங்காயிற்று. நேரே வசிட்டரின் ஆச்சிரமத்துக்குச் சென்று, அதனைத் தீக்கிரையாக்கினார். சீடர்களும் மான்களும் பறவைகளும் நாற்றிசையும் ஓடின. வசிட்டர் தமது தண்டு ஒன்றை ஊன்றியவராய் எதிரே நின்றார். கௌசிகர் தொடுத்த அத்திரங்கள் யாவற்றையும், ஈற்றில் பிரமாத்திரத்தையும், அந்தத் தண்டு விழுங்கிவிட்டது.

அப்பொழுதுதான் வேந்தரின் நெஞ்சில் ஒரு வினா எழுந்தது. எனது ஆயுதங்கள் யாவும் தோற்ற இடத்தில் வென்றது யாது? அது படைவலி அன்று, தவவலி என உணர்ந்தார். தாமும் பிரமரிஷி ஆவதென்று துணிந்தார். இந்தத் துணிவிலும் போட்டி கலந்திருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. வசிட்டரைப் போல் ஆகவேண்டும் என்பதினும், வசிட்டருக்கு இளைத்தவன் அல்லன் எனக் காட்டவேண்டும் என்பதே அவர் உள்ளத்தில் மேலோங்கி நின்றது. அந்தக் களிம்பு கழிவதற்கு நான்கு திசைகளிலும் அவர் தவஞ்செய்ய வேண்டியதாயிற்று.

நான்கு திசைத் தவம்

முதலில் தென்திசை சென்றார். ஆயிரம் ஆண்டுத் தவத்தின் முடிவிலே பிரமதேவர் அவரை இராஜரிஷி என்றார். இத்தனை தவத்துக்கும் இதுதானா பயன் என்று நொந்திருந்த வேளையிலே திரிசங்கு மன்னன் வந்தான். உடலோடு விண்ணுலகு புக விரும்பிய அவனை வசிட்டர் மறுத்தார்; வசிட்டரின் புதல்வர்கள் சபித்தனர். தம் பகைவர் கைவிட்டவன் என்பதும் கௌசிகருக்கு ஒரு தூண்டுகோலாயிற்று. அவனுக்காக வேள்வி செய்தார். வர மறுத்த வசிட்டரின் புதல்வர்களைச் சபித்தார். தம் தவத்தைச் செலவிட்டு அவனை விண்ணில் ஏற்றினார். இந்திரன் அவனைத் தலைகீழாகத் தள்ளவே, நடுவானில் நிறுத்திப் புதிய விண்மீன்களைப் படைக்கலானார். வைகாசி மாதத்து முன்னிரவில் நமது தென்வானிலே சிலுவை வடிவிற் காணப்படும் மீன்கூட்டத்தைத் திரிசங்கு என்று வழங்குவோர் இன்றும் உளர். அகதி ஒருவனுக்கு அடைக்கலம் கொடுத்தது பெருங்குணமே. ஆயினும் சினத்தாற் சபித்தமையால் தவம் கரைந்தது.

அடுத்து மேற்றிசையிலுள்ள புட்கரத்தை அடைந்தார். அங்கே சுனசேபன் என்னும் சிறுவன் அவர் மடியில் வந்து விழுந்தான். 1,00,000 பசுக்களுக்கு விலைகொள்ளப்பட்டு, அம்பரீட மன்னனின் வேள்விக்குப் பலியாகக் கொண்டுசெல்லப்பட்டவன் அவன். கௌசிகர் உள்ளம் உருகினார். அவனுக்குப் பதிலாகச் செல்லுமாறு தம் புதல்வர்களைக் கேட்டார். அவர்கள் மறுக்கவே, பெற்ற மக்களையே சபித்துவிட்டார். பின்பு சிறுவனுக்கு இரண்டு துதிகளைக் கற்பித்து, அவன் உயிரைக் காத்தார். ஒரு பிள்ளைக்கு இரங்கிய நாவே தம் பிள்ளைகளைச் சுட்டது! அன்பு வந்துவிட்டது, அடக்கம் வரவில்லை.

அங்கேதான் மேனகையும் வந்தாள். பத்து ஆண்டுகள் ஒரு பகலும் ஓர் இரவும்போற் கழிந்தன. தவம் குலைந்ததை உணர்ந்து அவர் பெருமூச்செறிந்தபோது, சாபத்துக்கு அஞ்சி மேனகை நடுங்கிக் கைகூப்பி நின்றாள். அவரோ அவளைச் சபிக்கவில்லை. இன்சொற் கூறி வழியனுப்பினார். தவறு தம்முடையது என்று அவர் ஏற்றுக்கொண்ட முதல் நாள் அதுவென்றே எனக்குத் தோன்றுகிறது.

வடதிசை சென்று கௌசிகி ஆற்றங்கரையில் மீண்டும் ஆயிரம் ஆண்டு தவமிருந்தார். மகரிஷி என்ற பட்டம் கிடைத்தது. அப்படியாயின் நான் புலன்களை வென்றுவிட்டேனா என்று அவர் பிரமதேவரை வினவ, இன்னும் இல்லை என்றே விடை வந்தது. அவர் வாதாடவில்லை, கோடையில் ஐந்தழல் நடுவிலும், மாரியில் வெட்டவெளியிலும், பனிக்காலத்தில் நீரிலும் நின்று தவத்தைத் தொடர்ந்தார். இம்முறை அரம்பை வந்தாள். இந்திரனின் சூழ்ச்சி என்று அறிந்துகொண்டார், ஆசைக்கு ஆட்படவில்லை, ஆனால் கோபத்துக்கு ஆட்பட்டார். பதினாயிரம் ஆண்டு கல்லாய்க் கிட என்று சபித்தார். சொல் வாயை விட்டு நீங்கிய கணமே நெஞ்சு வருந்தியது. ஏவப்பட்டு வந்த ஒரு பெண்ணின்மேற் பாய்ந்த அந்தக் கோபமே தமது உண்மைப் பகைவன் என்பதையும், வசிட்டர் அல்லர் என்பதையும் அன்று தெளிந்தார்.

இறுதியாகக் கீழ்த்திசை சென்று, ஆயிரம் ஆண்டு மௌன விரதம் பூண்டார். விரதம் முடிந்து உண்ண அமர்ந்த வேளையில், இந்திரன் ஓர் அந்தணனாக வந்து அந்த உணவைக் கேட்டான். கௌசிகர் முழுவதையும் கொடுத்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. மறுபடியும் மௌனத்தில் அமர்ந்தார். விருந்திட்டவரின் பசுவைப் பறிக்க முற்பட்ட கையே, தன் பசிக்கு இருந்த ஒரு பிடி சோற்றையும் கொடுத்துவிட்டது. அதன்பின் பிரமதேவர் அவரைப் பிரமரிஷி என்றழைத்தார். அப்பட்டத்தை வசிட்டரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அவர் கேட்டார். வசிட்டர் வந்தார், ஒப்புக்கொண்டார், நண்பரானார். விசுவாமித்திரர் அவரை முறைப்படி பூசித்தார்.

கனிந்த முனிவர்

மரத்தின் சுவையைக் கனியில் அறிகிறோம். விசுவாமித்திரரின் ஞானத்தை, அவர் தசரதன் சபைக்கு வந்தபோது அறிகிறோம். வேள்விக்கு இடையூறு செய்யும் அரக்கரை அழிக்கும் ஆற்றல் அவரிடமே உண்டு. ஆனால் வேள்வி விரதத்திலே சினங்கொண்டு சபித்தல் தகாது. ஆதலால் பதினாறு வயதும் நிரம்பாத இராமனைத் துணைக்கு அனுப்புமாறு இரந்து நின்றார். தசரதன் முதலில் வாக்களித்துப் பின்பு மறுத்தான். அப்பொழுது முனிவருக்குச் சினம் எழுந்தது உண்மையே. வான்மீகி அதை மறைக்கவில்லை. ஆனால் சாபம் பிறக்கவில்லை. வந்த வழியே திரும்பிப் போகவே அவர் சித்தமானார். பசுவை மறுத்தபோது பறிக்கத் துணிந்தவர், பிள்ளையை மறுத்தபோது வெறுங்கையோடு போக இசைந்தார். அந்தச் சபையில் எழுந்து, விசுவாமித்திரரின் பெருமையை எடுத்துரைத்து, இராமனை அனுப்புமாறு தசரதனைத் தெளிவித்தவர் யார்? வசிட்டரே!

வழியிலே, வசிட்டரை வெல்வதற்கென்று முன்னாளில் நாடிய அத்திர வித்தையையெல்லாம் அந்த இளைஞனுக்கு உபதேசித்தார். பின்பு கௌதமர் ஆச்சிரமத்துக்கு அழைத்துச் சென்று, சாபத்தில் வாடிக் கிடந்த அகலிகைக்கு இராமனைக் கொண்டு விடுதலை அளித்தார். ஒரு பெண்ணைச் சபித்து வருந்தியவர், மற்றொரு பெண்ணின் சாபம் நீங்கத் துணைநின்றார்.

மிதிலையில் நிகழ்ந்ததே எல்லாவற்றிலும் மேலானது. அகலிகையின் மைந்தரான சதானந்தர் சனகனின் குலகுரு. தாயின் துயர் நீங்கிய செய்தி கேட்டு மகிழ்ந்த அவர், விசுவாமித்திரரின் வரலாற்றை இராம இலக்குவருக்குச் சொன்னார். பாலகாண்டத்தின் 51ஆம் சருக்கம் முதல் 65ஆம் சருக்கம் வரை அதுவே. பசுவைப் பறித்தது, மக்களை இழந்தது, மேனகை, அரம்பை ஆகிய எதனையும் அவர் விடவில்லை. அரச சபையில், மாணவர் முன்னிலையில், தம் தோல்விகள் ஒவ்வொன்றாகச் சொல்லப்படும்போது விசுவாமித்திரர் அங்கேயே அமர்ந்திருந்தார். மறுக்கவுமில்லை, தடுக்கவுமில்லை.

வேதமும் இதற்குச் சான்றாய் நிற்கின்றது. இருக்கு வேதம் கி.மு. 1500க்கும் 1000க்கும் இடையில் உருவாயிற்று என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அதன் மூன்றாம் மண்டலத்து 62 சூக்தங்கள் பெரும்பாலும் விசுவாமித்திரருக்கும் அவர் வழியினருக்கும் உரியன. ஏழாம் மண்டலத்து 104 சூக்தங்கள் வசிட்டருக்கும் அவர் வழியினருக்கும் உரியன. இருவரும் ஒரே வேதத்தில் இடம்பெற்றனர். மூன்றாம் மண்டலத்தின் இறுதிச் சூக்தத்திலுள்ள காயத்திரி மந்திரத்தின் ரிஷி விசுவாமித்திரரே. அம்மந்திரம் படை வேண்டவில்லை, பசு வேண்டவில்லை. அறிவைத் தூண்டும் ஒளியையே வேண்டுகின்றது.

இளைஞர்களே! தோல்வியும் அவமானமும் நம்மில் யாருக்கும் வரும். அவை வந்தவுடன் ஞானம் வந்துவிடும் என்று எண்ணாதீர்கள். விசுவாமித்திரர் விழுந்தார், எழுந்தார், மறுபடியும் விழுந்தார். விழுந்த இடத்திலேயே கிடக்காமல், திசை மாற்றித் தொடர்ந்தமையே அவர் பெருமை. பெரியோர்களே! சினமும் செருக்கும் உடைய இளைஞன் ஒருவனைக் காணும்போது, அவனை இவ்வளவுதான் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவன் கதையும் பாதியில்தான் நிற்கின்றது.