இரைச்சலை அடக்கியவர்: எட்வின் ஆம்ஸ்ட்ராங்

சாரல் நேரத்துல குற்றாலம் போயிருப்பீங்க. ஐந்தருவியில குளிச்சிட்டு பார்டர் கடையில பரோட்டாவும் சாப்பிட்டிருப்பீங்க. ஆனா அப்போ நீங்க எம்ஜே88-ல இருந்தீங்கன்னு தெரியுமா?

ஹாம் ரேடியோக்காரங்க உலக வரைபடத்தைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு வச்சிருக்காங்க. ஒரு கட்டம் 2 டிகிரி தீர்க்கரேகை அகலம், 1 டிகிரி அட்சரேகை உயரம். தென்காசி, குற்றாலம், திருநெல்வேலி மூணும் எம்ஜே88. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கொல்லமும் திருவனந்தபுரமும்கூட அதே கட்டம்தான். ஆனா தென்காசியிலிருந்து மதுரை ரோட்டுல கடையநல்லூர் வரைக்கும் போனா கட்டம் எம்ஜே89-ஆ மாறிடும். 9 டிகிரி கோடு நடுவுல ஓடுது.

விஎச்எஃப் போட்டிகளுக்கு இந்தக் கட்டம்தான் உயிர். அமெரிக்காவின் ஏஆர்ஆர்எல் அமைப்பு நடத்தும் போட்டியில, எதிராளியும் நீங்களும் கால்சைனையும் கட்ட எண்ணையும் சரியாப் பரிமாறிக்கணும். ரிப்பீட்டர் வழியாப் பேசினா கணக்கில்ல. கார்ல செட்டை வச்சுக்கிட்டு சுத்துறவங்களுக்கு 'ரோவர்'னு தனிப் பிரிவே இருக்கு. அவங்க கட்டம் மாறினதும் ஏற்கெனவே பேசின ஆளோடயே மறுபடி பேசிப் புள்ளி சேர்க்கலாம். எல்லாத்துக்கும் மேல ஒரு விதி: நேரத்தோட லாக்ல எழுதணும். எழுதலைன்னா, நீங்க எவ்வளவு தூரம் பேசியிருந்தாலும் புள்ளி கிடையாது.

இந்த விதி ஒரு மனிதரின் வாழ்க்கையையே புரட்டிப் போட்டது. நம்ம கையில இருக்கிற எஃப்எம் செட்டுக்கு மூலகாரணமே அவர்தான். பெயர் எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங்.

மூன்றாம் ஆண்டு மாணவர்

1890 டிசம்பர் 18 அன்று நியூயார்க்கில் பிறந்தார். யாங்கர்ஸ் என்ற ஊரில் வீட்டு மாடி அறைதான் அவருடைய லேப். 1910-இல் வீட்டுத் தோட்டத்தில் 125 அடி ஆன்டெனா கம்பத்தைத் தானே எழுப்பினார். கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குத் தினமும் சிவப்பு நிற 'இந்தியன்' மோட்டார் சைக்கிளில் போய் வருவார். நம்மைப் போல இன்ஜினியரிங் ஸ்டூடண்ட்தான்!

1912-இல் அவருக்கு ஒரு யோசனை. வெற்றிடக் குழாயிலிருந்து வெளிவரும் சிக்னலில் கொஞ்சத்தை எடுத்துத் திரும்ப உள்ளீட்டுக்கே கொடுத்தால் என்ன? கொடுத்தார். காதில் கேட்காத தொலைதூர நிலையங்கள் எல்லாம் சத்தமாகக் கேட்டன. பின்னூட்டத்தை இன்னும் கூட்டினால் அந்தக் குழாயே அலையை உற்பத்தி செய்தது. அதாவது ஒரே சுற்று ரிசீவராகவும் ஆகும், டிரான்ஸ்மிட்டராகவும் ஆகும்.

பேட்டண்ட் வாங்கப் பணம் வேணும். முதல்ல டிகிரியை முடிடான்னு அப்பா கையை விரிச்சிட்டார் (எல்லா ஊர் அப்பாவும் ஒரே மாதிரிதான் போல). கடைசியில் 1913 ஜனவரி 31 அன்று சுற்று வரைபடத்தை நோட்டரியிடம் காட்டித் தேதி போட்டு வாங்கினார். பேட்டண்டுக்கு விண்ணப்பித்தது அக்டோபரில்தான்.

இதற்கிடையில் லீ டி ஃபாரஸ்ட் என்பவரும் அதே கண்டுபிடிப்புக்கு உரிமை கொண்டாடினார். அவருடைய உதவியாளரின் நோட்டுப் புத்தகத்தில் 1912 ஆகஸ்ட் தேதியிட்ட ஒரு குறிப்பு இருந்தது. சுற்று ஊளையிட்டதை அவர்கள் பார்த்திருந்தார்கள், எழுதியும் வைத்திருந்தார்கள். ஏன் ஊளையிட்டது என்பது விளங்கவில்லை. ஆம்ஸ்ட்ராங்குக்கு விளங்கியது, ஆனால் அவர் கையில் இருந்த தேதி பிந்தியது. பல வருஷம் நடந்த வழக்கில் 1934-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டி ஃபாரஸ்ட் பக்கமே தீர்ப்பளித்தது. மனம் நொந்த ஆம்ஸ்ட்ராங், இந்தக் கண்டுபிடிப்புக்காக வாங்கிய பதக்கத்தை ரேடியோ பொறியாளர் சங்கத்திடம் திருப்பிக் கொடுக்கப் போனார். சங்கம் வாங்க மறுத்தது. அங்கிருந்த பொறியாளர்கள் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கூடாரத்தில் ஒரு ரிசீவர்

முதல் உலகப் போரின்போது பாரிஸில் ராணுவப் பணியில் இருந்தபடியே 1918-இல் சூப்பர்ஹெட்டரோடைனை உருவாக்கினார். வரும் சிக்னலை உள்ளூர் ஆசிலேட்டருடன் கலந்து, ஒரே நிலையான இடைநிலை அதிர்வெண்ணுக்குக் கொண்டுவருவது. கம்யூனிகேஷன் பேப்பர்ல நீங்க படம் போட்டு மார்க் வாங்குற அதே பிளாக் டயகிராம்!

1921 டிசம்பரில் அட்லாண்டிக்கைத் தாண்டி அமெச்சூர்களின் சிக்னல் போகுமா என்று ஒரு சோதனை நடந்தது. கனெடிகட்டில் ஆம்ஸ்ட்ராங் உட்பட ஆறு பேர் சேர்ந்து 1பிசிஜி என்ற நிலையத்தை அமைத்தார்கள். ஸ்காட்லாந்தில் ஆர்ட்ரோசன் கடற்கரையில் பால் காட்லி கூடாரம் அடித்து, சூப்பர்ஹெட் ரிசீவருடன் காத்திருந்தார். சிக்னல் வந்து சேர்ந்தது.

இடி இடித்தாலும் கரகரக்காது

ஏஎம்-ல திருநெல்வேலி வானொலி 1197-ஐ வச்சுக்கிட்டு மின்னல் நேரத்துல கேட்டுப் பாருங்க, படபடன்னு பொரியும். ஏஎம்மில் செய்தி அலையின் உயரத்தில் இருக்கிறது. மின்னலும் அந்த உயரத்தைத்தான் கெடுக்கிறது. ஆம்ஸ்ட்ராங் செய்தியை அதிர்வெண்ணுக்கு மாற்றினார். உயரத்தில் ஏறும் குப்பையை ரிசீவரில் வெட்டி எறிந்தார். எஃப்எம்மால் லாபமில்லை என்று ஜான் கார்சன் 1922-இலேயே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். அந்தக் கணக்கு குறுகிய பட்டைக்கு. ஆம்ஸ்ட்ராங் பட்டையை அகலமாக்கினார். அதற்கு இடம் வேண்டும், இடம் இருந்தது விஎச்எஃப்பில்.

1933 டிசம்பர் 26 அன்று பேட்டண்ட் கிடைத்தது. 1935 நவம்பரில் பொறியாளர்கள் முன்னால் செய்து காட்டியபோது சிக்னல் வந்தது பெரிய நிலையம் எதிலிருந்தும் இல்லை. யாங்கர்ஸில் நண்பர் ரன்யனின் டபிள்யூ2ஏஜி என்ற ஹாம் நிலையத்திலிருந்து, இரண்டரை மீட்டர் அலையில் வந்தது. கொடைக்கானல் மலைமேல இருந்து 100.5-ல வர்ற பண்பலையை தெற்குச் சீமை முழுக்கத் துல்லியமாக் கேட்கிறோம்ல, அந்தக் கதை அங்கேதான் தொடங்குது.

ஆனால் ஏஎம்மிலும் டிவியிலும் பணம் போட்டிருந்த ஆர்சிஏ நிறுவனம் இதை ஆதரிக்கவில்லை. 1945-இல் அமெரிக்க அரசு எஃப்எம்மை 42-50 மெகாஹெர்ட்ஸிலிருந்து 88-108-க்கு நகர்த்தியது. மக்கள் வாங்கியிருந்த லட்சக்கணக்கான செட்டுகள் வீணாயின. டிவி ஒலிக்கு எஃப்எம்மைப் பயன்படுத்திய ஆர்சிஏ அவருக்கு ராயல்டியும் தரவில்லை. 1948-இல் வழக்குப் போட்டார். இழுத்தடித்தார்கள். பணம் கரைந்தது, மனைவி மேரியன் பிரிந்து போயிருந்தார். 1954 ஜனவரி 31 இரவு ஆம்ஸ்ட்ராங் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். நோட்டரியிடம் தேதி வாங்கிச் சரியாக 41 ஆண்டுகள். அருகில் யாராவது ஒருத்தர் பேசக் கிடைத்திருக்கலாம் என்று படிக்கிற நமக்கே தோணும். உங்க ஹாஸ்டல்லயும் யாராவது இப்படி ஒடுங்கிப் போயிருந்தா, போய்ப் பேசுங்க.

மேரியன் அதோடு விடவில்லை. அதே வருஷம் ஆர்சிஏ பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசம் செய்தது. மற்ற நிறுவனங்கள் மீதான வழக்குகளை ஒவ்வொன்றாக நடத்தினார். கடைசியாக மோட்டோரோலா வழக்கு முடிந்தது 1967-இல். எஃப்எம்மைக் கண்டுபிடித்தவர் ஆம்ஸ்ட்ராங்தான் என்பது நீதிமன்றத்திலும் நிலைத்தது.

இப்போ உங்க விஷயத்துக்கு வருவோம். ப்ராஜெக்ட்ல ஏதாவது புதுசா வேலை செஞ்சா, அன்னைக்கே நோட்டுல தேதியோட எழுதி கைடுகிட்ட கையெழுத்து வாங்குங்க. ஹாம் உரிமத் தேர்வு 12 வயசு முடிஞ்ச யாரும் எழுதலாம். உரிமம் இல்லாம டிரான்ஸ்மிட் பட்டனைத் தொடக்கூடாது. நம்ம நாட்டில் இரண்டு மீட்டர் பட்டை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. குற்றாலத்துக்கு மேற்கே மலை மறைக்கும், அதனால ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பி வையுங்க. கடையநல்லூர் தாண்டினதும் லாக்ல எம்ஜே89-னு மாத்த மறந்துடாதீங்க!