கழிவில் கரைந்து போகும் செல்வம்: கில்பர்ட் ஃபவுலரின் வாழ்வும் நைட்ரஜன் குறித்த கேள்வியும்

இத்தாலியின் சிசிலித் தீவு 2024ஆம் ஆண்டு கடும் வறட்சிக்கு உள்ளானது. அவ்வாண்டு மே மாதம் இத்தாலிய அரசு அங்கு நெருக்கடி நிலையை அறிவித்தது. தீவின் தலைநகரான பலெர்மோவின் சில பகுதிகளிலும் குடிநீர் முறைவைத்து வழங்கப்பட்டது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னர், 2018ஆம் ஆண்டு மே மாதத்தில், சிசிலியின் பல ஊர்கள் உட்பட இத்தாலியின் பல இடங்களில் கழிவுநீர் உரிய முறையில் சேகரிக்கப்படவோ சுத்திகரிக்கப்படவோ இல்லை என்பதற்காக ஐரோப்பிய நீதிமன்றம் அந்நாட்டுக்கு இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்திருந்தது. குடிக்க நீர் இல்லாத தீவு, தான் பயன்படுத்திய நீரைத் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்தத் தவறியது என்பதே இதன் சாரம்.

இக்குறையைப் போக்க முயல்வோரில் பலெர்மோ பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களும் அடங்குவர். கழிவுநீரில் உள்ள நைட்ரஜனைப் பாக்டீரியாக்களைக் கொண்டு அகற்றுவதும், அவ்வாறு அகற்றும்போது வெளியாகும் வாயுக்களை அளவிடுவதும், சுத்திகரித்த நீரையும் சத்துகளையும் மீட்டெடுப்பதும் அவர்களுடைய ஆய்வுப் பொருள்கள். அவர்கள் கையாளும் முறையின் வேர்கள் 1914ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் உள்ளன. அம்முறை தோன்றக் காரணமானவர்களில் ஒருவர், அதன்பின் இந்தியாவுக்கு வந்து, பெங்களூரிலேயே 1953ஆம் ஆண்டு மறைந்தார். அவர் பெயர் கில்பர்ட் ஜான் ஃபவுலர்.

தூய்மை செய்வது எப்படி என்பதோடு அவருடைய கேள்வி முடிந்துவிடவில்லை. தூய்மை செய்யும்போது எதை இழக்கிறோம் என்றும் அவர் கேட்டார். ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் அக்கேள்விக்கு முழுமையான விடை கிடைக்கவில்லை.

மான்செஸ்டரின் சாக்கடைகள்

ஃபவுலர் 1868ஆம் ஆண்டு பிறந்தார். மான்செஸ்டரின் ஓவன்ஸ் கல்லூரியில் வேதியியல் பயின்றார். பஞ்சாலைகளும் சாய ஆலைகளும் நிறைந்திருந்த அந்நகரம், தன் கழிவைத் தாங்க முடியாமல் திணறிக்கொண்டிருந்த காலம் அது. நகரின் புறத்தே டேவிஹியூம் என்னுமிடத்தில் 1894ஆம் ஆண்டு பெரிய கழிவுநீர் நிலையம் திறக்கப்பட்டது. அங்கே பணியில் சேர்ந்த இளம் வேதியியலாளரான ஃபவுலர், விரைவிலேயே அந்நிலையத்தின் பொறுப்பையும் ஏற்றார்.

கழிவைத் தூய்மை செய்வது வேதிப்பொருள்களின் வேலை என்று கருதப்பட்ட நிலை அப்போது மாறிக்கொண்டிருந்தது. மண்ணில் ஊறிச் செல்லும் கழிவுநீரில் உள்ள அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது உயிரிகளின் செயலே என்பதை பிரான்சின் ஷ்லோசிங், முன்ட்ஸ் ஆகியோர் 1877ஆம் ஆண்டு காட்டியிருந்தனர். மணல் நிரப்பிய குழாயில் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றுபோனது. மயக்கமருந்துக்கு மயங்குவது உயிருள்ள பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். அப்பாக்டீரியாக்களை 1890ஆம் ஆண்டளவில் தனித்துப் பிரித்தெடுத்தவர் ரஷ்ய அறிஞர் செர்கை வினோகிராட்ஸ்கி. நைட்ரேட்டை மீண்டும் வாயுவாக்கிக் காற்றில் கலக்கும் வேறு வகைப் பாக்டீரியாக்கள் உண்டு என்பதும் அதற்கு முன்பே தெரியவந்திருந்தது.

கழிவுநீரிலிருந்து நைட்ரஜனை அகற்றும் முறை முழுவதும் இவ்விரண்டு படிகளில் அடங்கிவிடுகிறது. சிறுநீரிலும் உணவுப் புரதத்திலும் இருந்து வரும் அம்மோனியாவை, காற்று வேண்டும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. பின்னர் காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனைச் சுவாசத்திற்கு எடுத்துக்கொண்டு, நைட்ரஜனை வாயுவாக விடுவிக்கின்றன. இவ்வாறு அகற்றப்படாத அம்மோனியா மீன்களுக்கு நஞ்சாகும். நைட்ரேட் ஏரிகளில் பாசியைப் பெருக்கும். நிலத்தடி நீரில் கலந்தால் கைக்குழந்தைகளுக்குத் தீங்கு செய்யும்.

ஒரு குப்பியில் கண்ட காட்சி

நியூயார்க் துறைமுகத்தின் மாசு குறித்து ஆலோசனை கூறுவதற்காக ஃபவுலர் 1912ஆம் ஆண்டு அமெரிக்கா சென்றார். அப்பயணத்தின்போது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் ஆய்வு நிலையத்தையும் பார்வையிட்டார். அங்கே குப்பிகளில் கழிவுநீரை நிரப்பிக் காற்றைச் செலுத்தி, பாசியின் துணையுடன் அது தெளிவதை ஆய்வாளர்கள் சோதித்துக்கொண்டிருந்தனர். நாடு திரும்பிய ஃபவுலர், டேவிஹியூம் நிலையத்தின் வேதியியலாளர்களான எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் ஆகிய இருவரிடமும் அச்சோதனையைச் செய்து பார்க்குமாறு கூறினார்.

அதே வேளையில் ஃபவுலர் வேறொரு வழியையும் முயன்றார். நிலக்கரிச் சுரங்க நீரில் கிடைத்த ஒரு பாக்டீரியாவுக்கு எம் 7 என்று பெயரிட்டு, அதனையும் இரும்பு உப்பையும் சேர்த்துக் கழிவைத் தெளிய வைக்கலாம் என்று 1913ஆம் ஆண்டு தம் மாணவருடன் இணைந்து அறிவித்தார். ஒரே ஓர் உயிரியைக் கொண்டு இவ்வேலையைச் செய்துவிடலாம் என்ற எண்ணம் அதில் இருந்தது. ஆனால் அம்முயற்சி நிலைக்கவில்லை.

நிலைத்தது ஆர்டெர்ன், லாக்கெட் ஆகியோரின் வழியே. கழிவுநீர் நிரப்பிய குப்பிகளில் அவர்கள் காற்றைச் செலுத்தினர். அம்மோனியா முழுவதும் நைட்ரேட்டாக மாற முதலில் ஏறக்குறைய ஐந்து வாரங்கள் பிடித்தன. வழக்கமாகக் கொட்டிவிடும் அடிக்கசட்டை அவர்கள் கொட்டவில்லை. தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அதே கசட்டின் மேல் புதிய கழிவுநீரை ஊற்றினர். இவ்வாறு மீண்டும் மீண்டும் செய்தபோது கசடு பெருகியது, காலம் குறைந்தது. இறுதியில் ஐந்து வார வேலை ஒரே நாளுக்குள் முடிந்தது. தனித்த ஒரு பாக்டீரியாவால் ஆகாததை, கசட்டில் கூடி வாழும் எண்ணற்ற உயிரிகளின் கூட்டம் செய்து முடித்தது.

செயலூட்டிய கசடு முறை என்று பின்னர் பெயர்பெற்ற இக்கண்டுபிடிப்பை ஆர்டெர்னும் லாக்கெட்டும் 1914ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி மான்செஸ்டரில் நடந்த வேதியியல் தொழில் கழகத்தின் கூட்டத்தில் அறிவித்தனர். தூண்டுதல் ஃபவுலருடையது என்பதை அவர்கள் அங்கு பதிவு செய்தனர். இன்று உலகின் பெருநகரங்களில் இயங்கும் கழிவுநீர் நிலையங்களில் மிகப் பல இம்முறையை அல்லது இதன் வழித்தோன்றல்களையே பின்பற்றுகின்றன.

பெங்களூர் ஆண்டுகள்

முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916ஆம் ஆண்டு, பெங்களூரின் இந்திய அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியராக ஃபவுலர் பொறுப்பேற்றார். போர்க்காலத்தில் வெடிமருந்து செய்ய அசிட்டோன் பெருமளவில் தேவைப்பட்டது. நீலகிரியின் அருவங்காட்டில் கார்டைட் ஆலை ஏற்கனவே இயங்கிவந்தது. இலுப்பைப்பூ போன்ற உள்நாட்டுப் பொருள்களை நொதிக்கவைத்து அசிட்டோன் தயாரிக்கும் ஆய்வில் ஃபவுலரின் குழு ஈடுபட்டது. சாக்கடையில் அவர் கற்ற நுண்ணுயிர் அறிவு இவ்வாறு வேறொரு துறைக்கும் பயன்பட்டது. இந்தியாவில் உயிர்வேதியியல் தனித்துறையாக வேரூன்றியதில் அவருடைய பங்கு முதன்மையானது. அத்துறைக்குப் பிற்காலத்தில் தலைமை தாங்கிய வி.சுப்ரமணியன், மைசூரில் 1950ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானார் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்தியாவில் ஃபவுலரின் அக்கறை மெல்லத் திசை திரும்பியது. மான்செஸ்டரில் கழிவு என்பது ஆற்றைக் கெடுக்கும் தொல்லை. இந்தியாவில் அது, எருவின்றி வாடிய வயல்களுக்குச் சேர வேண்டிய தழைச்சத்து. உணவுத் தானியத்திற்கு வேண்டிய நைட்ரஜன் போதாமல் உலகம் பட்டினியை எதிர்நோக்கும் என்று பிரிட்டிஷ் வேதியியலாளர் வில்லியம் குரூக்ஸ் 1898ஆம் ஆண்டு எச்சரித்திருந்தார். அதற்கு ஜெர்மனி கண்ட விடை, காற்றில் உள்ள நைட்ரஜனை உயர் அழுத்தத்தில் அம்மோனியாவாக்கும் ஹேபர் முறை. அதன் முதல் பெரிய ஆலை ஒப்பாவ் நகரில் 1913ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும் ஆலையும், கழிவுநீரைப் பாக்டீரியாக்களிடம் ஒப்படைக்கும் தொட்டியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை.

இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு மூன்றாம் வழியை ஃபவுலர் தேடினார். கழிவில் உள்ள நைட்ரஜனைக் காற்றில் விட்டுவிடாமல் மண்ணுக்குத் திருப்புவதே அவ்வழி. நைட்ரேட் வாயுவாகித் தொலைவதற்குரிய வேதியியல் காரணங்களை ஆராய்ந்து, கோட்வால் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 1924ஆம் ஆண்டு கட்டுரை வெளியிட்டார். குப்பையும் இலைதழையும் விரைவில் மக்குவதற்கு மனிதக் கழிவையும் செயலூட்டிய கசட்டையும் உறைமோர் போலப் பயன்படுத்தும் முறையை, ரெகே என்ற ஆய்வாளருடன் இணைந்து உருவாக்கினார். பின்னர் இதே நிறுவனத்தில் சி.என்.ஆச்சார்யா 1939ஆம் ஆண்டு வகுத்த எருக்குழி முறை, பெங்களூர் முறை என்ற பெயரில் பல நாடுகளில் அறியப்பட்டது.

அறிவியல் நிறுவனத்திலிருந்து விலகிய பின், சில காலம் கான்பூரின் ஹார்கோர்ட் பட்லர் தொழில்நுட்ப நிறுவனத்தின் முதல்வராக ஃபவுலர் பணியாற்றினார். நைட்ரஜனைப் பேணிக் காக்கும் உயிர்வேதியியல் குறித்த அவருடைய நூல் 1934ஆம் ஆண்டு லண்டனில் வெளியானது. மனிதக் கழிவை உரமாக்கினால் கிட்டும் வருவாய் பற்றி ஃபவுலர் போட்ட கணக்கை மகாத்மா காந்தியும் தம் எழுத்தில் எடுத்துக்காட்டியிருக்கிறார்.

விடுபட்ட கேள்வி

இவ்வாதத்திற்கு மறுபக்கமும் உண்டு. இந்திய நகரங்களில் மலத்தை வயலுக்கோ குழிக்கோ கொண்டுசேர்த்த கைகள் எவருடையவை என்ற கேள்வியைத் தழைச்சத்தின் கணக்கு மட்டும் தீர்த்துவிடாது. சாதியின் பெயரால் அவ்வேலையில் தள்ளப்பட்டவர்களின் உழைப்பின் மீதே அந்த உரம் சேகரிக்கப்பட்டது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டங்கள் இந்தியாவில் 1993ஆம் ஆண்டும் 2013ஆம் ஆண்டும் இயற்றப்பட்ட பின்னரும், பாதாளச் சாக்கடைகளில் இறங்கி உயிரிழப்போரின் செய்திகள் வந்தவண்ணம் உள்ளன. கழிவைக் குழாய்வழி கொண்டுசென்று பாக்டீரியாக்களிடம் ஒப்படைப்பதில் மனித மாண்பு சார்ந்த நியாயம் ஒன்று இருக்கிறது. எனவே மண்ணுக்குச் சத்தைத் திருப்புவதும், மனிதரை அவ்வேலையிலிருந்து விடுவிப்பதும் ஒருசேர நடைபெற வேண்டியவை.

உலகம் பெரிதும் வேறு வழியில் சென்றது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் செயலூட்டிய கசட்டை உலர்த்தி 1926ஆம் ஆண்டு முதல் உரமாக விற்றுவருவது போன்ற எடுத்துக்காட்டுகள் ஆங்காங்கே உண்டு. ஆனால் இரசாயன உரம் மலிந்தபோது கழிவின் தழைச்சத்தைத் தேடும் தேவை குறைந்தது. இந்தியாவின் சிந்திரி உர ஆலை 1951ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஃபவுலர் காலமானார்.

ஏரிகளும் கடலோரங்களும் பாசியால் மூச்சுத் திணறியபோது, நைட்ரஜனை அகற்றுவது சட்டமானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1991ஆம் ஆண்டு நெறிமுறையின்படி, பாதிப்புக்கு எளிதில் உள்ளாகும் நீர்நிலைகளில் பெருநகரங்கள் விடும் நீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரஜன் இருக்கலாகாது. இதற்காகத் தொட்டிகளில் காற்றுள்ள பகுதியும் காற்றற்ற பகுதியும் அமைக்கப்பட்டு, பாக்டீரியாக்கள் நைட்ரஜனை வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. காற்றை ஊதுவதற்கு மின்சாரம் வேண்டும். வேலை அரைகுறையாக நின்றால் நைட்ரஸ் ஆக்சைடு வெளியாகும். நூறாண்டுக் கணக்கில் அதன் வெப்பமூட்டும் திறன் கரியமில வாயுவைப் போல் 273 மடங்கு. பலெர்மோ ஆய்வாளர்கள் இவ்வாயுவை அளவிடுவதும் இதனாலேயே. ஒருபுறம் எரிசக்தி செலவிட்டுக் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து உரமாக்குகிறோம்; மறுபுறம் மீண்டும் எரிசக்தி செலவிட்டு அதனைக் காற்றுக்கே அனுப்புகிறோம்.

ஃபவுலர் மறைந்த நகரில் இந்த முரண் கண்கூடு. பெங்களூரின் பெல்லந்தூர் ஏரி, கழிவுநீர் கலந்து நுரை பொங்கி, 2015ஆம் ஆண்டும் 2017ஆம் ஆண்டும் தீப்பற்றி எரிந்தது. அதே நகரின் சுத்திகரித்த கழிவுநீர், 2018ஆம் ஆண்டு முதல் வறண்ட கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குக் குழாய்வழி அனுப்பப்படுகிறது. சென்னை, கோயம்பேட்டில் 2019ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நிலையம் கழிவுநீரை மேலும் தூய்மை செய்து தொழிற்சாலைகளுக்கு வழங்குகிறது. நீரை மீட்கும் எண்ணம் வேரூன்றத் தொடங்கிவிட்டது. அந்நீரில் கரைந்துள்ள தழைச்சத்தை மீட்கும் எண்ணம் இன்னும் ஆய்வுக்கூடங்களையும் ஒருசில நிலையங்களையும் தாண்டிப் பரவவில்லை.

பலெர்மோவின் வறண்ட கோடைக்கும் கோலாரின் வறண்ட ஏரிக்கும் இடையே ஆயிரக்கணக்கான மைல் தொலைவு. ஆயினும் இரு இடங்களிலும் பாக்டீரியாக்கள் தங்கள் வேலையைக் குறையின்றிச் செய்யக்கூடியவை. அவை பிரித்துத் தருவதைக் காற்றில் விடுவதா, வயலில் சேர்ப்பதா என்பதை மனிதர்கள்தாம் முடிவு செய்ய வேண்டும். ஃபவுலர் தம் இந்திய ஆண்டுகளை அம்முடிவுக்கான வாதத்திற்கே செலவிட்டார். அந்த வாதம் இன்னும் முடியவில்லை.