திக்கற்ற பார்வதியைப் படைத்தவர்

அடையாறிலிருந்து கிண்டிக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும்போது காந்தி மண்டபத்தைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இல்லை. அதே வளாகத்தில் ராஜாஜி நினைவாலயமும் இருக்கிறது. உள்ளே போனவர்கள் எத்தனை பேர்?

1878 டிசம்பர் 10ஆம் தேதி, ஓசூர் பக்கம் தொரப்பள்ளி கிராமத்தில் பிறந்தார். சேலத்தில் பெயர் பெற்ற வக்கீல். நல்ல வருமானத்தை உதறிவிட்டு காந்திஜி பின்னால் போனார். 1925ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் ஆசிரமம் தொடங்கினார். ஏழைகளின் கூலிக்காசு கள்ளுக்கடைக்குப் போவது அவர் மனதை அறுத்தது. மதுவிலக்குக்கென்றே 1929ல் 'விமோசனம்' பத்திரிகை நடத்தினார். துணைக்குக் கல்கி. வந்தது பத்தே இதழ்!

1937ல் சென்னை மாகாணப் பிரதமரானதும் முதலில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு கொண்டுவந்தார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939ல் விற்பனை வரி போட்டார். 1948ல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல், 1952ல் சென்னை முதலமைச்சர். அவர் செய்த எல்லாமே சரி என்று சொல்ல வரவில்லை. அப்பன் தொழிலையே பிள்ளையும் படிக்கணும் என்ற அவரது கல்வித் திட்டம் எதிர்ப்பில் சிக்கி, 1954ல் பதவியே போயிற்று. அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் நம்மில் பலர் இந்த ஒர்க்‌ஷாப் பக்கமே வந்திருக்க மாட்டோம்!

ஆனால் குடி விஷயத்தில் அவர் கடைசிவரை மாறவில்லை. 1971ல் அரசு மதுவிலக்கைத் தளர்த்த முனைந்தபோது, தொண்ணூறு தாண்டிய அந்தக் கிழவர் முதலமைச்சர் கலைஞரின் கோபாலபுரம் வீட்டுக்கே நேரில் போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பலிக்கவில்லை. 1972 டிசம்பர் 25ல் காலமானார்.

சினிமா என்றாலே முகம் சுளித்தவர் அவர். அவருடைய கதை 'திக்கற்ற பார்வதி' 1974ல் சினிமாவாக வந்தது. இயக்கம் சிங்கீதம் சீனிவாசராவ், நடிப்பு லட்சுமி, ஸ்ரீகாந்த், இசை வீணை சிட்டிபாபு. நன்றாக வாழ்ந்த ஒரு குடும்பம் குடியால் சிதைகிற சோகக் கதை. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. பார்க்கத்தான் அவர் இல்லை.

அந்தப் படத்தின் பாட்டுப் புத்தகத்துக்காக மயிலாப்பூர் லஸ் பழைய புத்தகக் கடைகளில் அலைந்தேன். கிடைக்கலை. இந்த மாதிரி படங்களின் பாட்டுப் புத்தகமோ போஸ்டரோ கண்ணில் பட்டால் சேகரிப்பவர்கள் சும்மா விடுவார்களா?

படம்தான் அபூர்வம் நண்பர்களே, பார்வதிகள் அபூர்வமில்லை. நம் தெருவிலேயே இருக்கிறார்கள். நாளை டிப்ளமோ முடித்து முதல் சம்பளம் வாங்கும்போது 'பார்ட்டி எங்கடா?' என்று கேட்பார்கள். அன்று அந்தக் கவரைப் பிரிக்காமல் அம்மா கையில் கொடுப்போம்.

— மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்