வங்கியாற் கைத்தொழில் வளர்த்த சிபுசாவா எயிச்சி

ஒரு நாட்டின் கைத்தொழில் வளர்ச்சிக்கு இயந்திரமும் உழைப்பும் மட்டும் போதா. பலரிடத்துச் சிறிது சிறிதாய் முடங்கிக் கிடக்கும் பொருளைத் திரட்டி முதலாக்கும் அமைப்பும் வேண்டும். இவ்வுண்மையை யப்பானியர்க்குச் செய்து காட்டிய பெருமகனார் சிபுசாவா எயிச்சி ஆவர்.

இவர் 1840 ஆம் ஆண்டில், முசாசி நாட்டுச் சிற்றூரொன்றில், அவுரிச் சாயமும் பட்டும் ஆக்கிய உழவர் குடியிற் பிறந்தார். இளமையிலேயே கொன்பூசியசின் அறநூலைக் கற்றார். 1867 இற் பாரிசுப் பொருட்காட்சிக்குச் சென்ற தூதுக்குழுவிற் கணக்குப் பொறுப்பாளராய் அமர்ந்தார். அப்பயணத்தில் நம் நாட்டுக் காலித் துறைமுகத்தையும் கண்டார். பாரிசில் வங்கி, பங்கு, கடன்பத்திரம் ஆகியவற்றின் இயல்பை நேரில் அறிந்தார்.

நாடு திரும்பி நிதியமைச்சிற் பணியாற்றியவர், 1873 இல் அப்பதவியைத் துறந்தார். அலுவலரை உயர்வாகவும் வணிகரைத் தாழ்வாகவும் எண்ணிய காலம் அது. அவ்வாண்டே யப்பானின் முதல் நவீன வங்கியாகிய முதலாந் தேசிய வங்கியை நடத்தும் பொறுப்பை ஏற்றார்.

மறு ஆண்டே சோதனை வந்தது. வங்கியின் மூலதனம் ஏறத்தாழ 24 இலட்சம் யென். அதில் 10 இலட்சம் இட்டிருந்த ஓனோ வணிக இல்லம், வங்கியிடம் பெருங்கடனும் பட்டிருந்த நிலையில் முறிந்தது. அவ்வில்லத்து அலுவலர் புருக்காவா இச்சிபே தம் பொறுப்பிலிருந்த சரக்குகளை மறைக்காது ஈடாக ஒப்படைத்தார். அதனால் வங்கி பிழைத்தது. பிற்காலத்தில் அவரது செம்புச் சுரங்கத் தொழிலுக்குச் சிபுசாவா துணை நின்றார். நாணயமே வங்கியின் முதன்மையான முதல் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

1882 இல் இவர் முயற்சியால் ஒசாக்கா நூற்பாலை நிறுவப்பட்டது. முந்திய ஆலைகள் பல 2,000 கதிர்களோடு நலிந்திருக்க, இது 10,500 கதிர்களோடும் நீராவி வலுவோடும் தொடங்கி இலாபம் ஈட்டியது. அதைக் கண்டு ஆலைகள் பல எழுந்தன. எனினும், அவ்வாலை இரவும் இயங்கியதையும், பெண்கள் விளக்கொளியில் விழித்து உழைத்ததையும் நாம் மறத்தலாகாது.

ஏறத்தாழ 500 நிறுவனங்களோடு தொடர்புற்றிருந்தும், அவற்றைத் தம் குடும்பச் சொத்தாக்க இவர் விரும்பினாரல்லர். 1931 இல், தமது 91 ஆம் வயதில் மறைந்தார். 2024 இல் வெளிவந்த 10,000 யென் தாளில் இவர் உருவம் பொறிக்கப்பட்டது.

வணிகம் பயிலும் நம் மாணவர், பொருளையும் அறத்தையும் ஒருங்கே போற்றிய இப்பெரியாரின் வாழ்வை நினைவிற் கொள்வாராக.