செவியே சான்று: அமர் கோபால் போஸ்

பலரும் விரும்பி வாங்கும் பொருள் நுண்ணுணர்வுடையார் அவையிலும் மதிப்புப் பெறுமோ என்னும் வினா பழையது. செய்யுளே புலமைக்கு உரைகல் எனக் கருதப்பட்ட காலத்தில், நல்லூர் ஆறுமுக நாவலர் வசனநடையைக் கைக்கொண்டு எல்லார்க்கும் விளங்க எழுதினார். அதனால் அவர்தம் புலமை குறைந்ததில்லை. நூலுலகில் எழுந்த இவ்வினா, இசை கேட்கும் ஒலிபெருக்கிப் பெட்டியைப் பற்றியும் எழுந்தது. போஸ் என்னும் பெயர் பொறித்த பெட்டிகளைக் கடைகளிலும், பிறநாடுகளிற் குடியேறிய உறவினர் வீடுகளிலும் நம்மவர் பலர் கண்டிருப்பர். அப்பெயருக்குரியவர் வங்காளத் தந்தையொருவரின் மைந்தர் என்பதை அறிந்தோர் சிலரே. அவர் வரலாறு இவ்வினாவுக்கு விடைதேட உதவும்.

அமர் கோபால் போஸ் 1929ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 2ஆந் திகதி அமெரிக்காவிலுள்ள பிலடெல்பியா நகரிற் பிறந்தார். தந்தையார் நோனி கோபால் போஸ், கல்கத்தாவிற் பௌதிகம் பயின்ற காலத்தே ஆங்கில ஆட்சியை எதிர்த்துச் சிறைப்பட்டுப் பின் 1920இல் தப்பி அமெரிக்கா சேர்ந்தவர். தாயார் சார்லட், ஆசிரியத்தொழில் புரிந்த அமெரிக்க மாது. வேதாந்தத்தில் ஈடுபாடு மிக்கவர். நிறவேற்றுமை மலிந்த அந்நாளில் உணவுச்சாலைகள் இக்குடும்பத்தார்க்கு உணவு பரிமாற மறுத்ததும் உண்டு. பிறர் அவையில் இடம் மறுக்கப்படுதல் இன்னதென்பதை அமர் இளமையிலேயே அறிந்தார்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தே கப்பற் போக்குவரத்துத் தடைப்பட, இந்தியப் பொருள்களை வருவித்து விற்ற தந்தையாரின் வாணிகம் நொடித்தது. அப்போது அமருக்கு வயது பதின்மூன்று. வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கக் கற்றிருந்த அச்சிறுவர், அதனையே தொழிலாக்கலாமெனத் தந்தையாருக்குக் கூறி வீட்டிலேயே வேலை தொடங்கினார். அவ்வருவாய் குடும்பத்தைத் தாங்கிற்று. அதே இளமையில் வயலினும் முறையாகப் பயின்றார். கையில் மின்கருவியும் செவியில் வயலின் நாதமுமாக வளர்ந்த இவ்விளமையே அவருடைய பிற்கால வாழ்வுக்கு வித்தாயிற்று.

1947இல் மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்திற் சேர்ந்து, 1956இல் கலாநிதிப் பட்டத்துக்குரிய ஆய்வை நிறைவுசெய்தார். அம்மகிழ்ச்சியால் உயர்ந்த இசைப்பெட்டி ஒன்றை வாங்க விரும்பி, நிறுவனத்தார் அச்சிட்ட அளவைக் குறிப்புகளை ஆராய்ந்து சிறந்ததெனப்பட்டதை வாங்கினார். வீட்டில் அதை இயக்கியபோது ஒலித்தது அவர் அறிந்த வயலின் அன்று. ஏட்டிலே குறைவற்றதாய்த் தோன்றிய கருவி செவிக்குக் குறைபட்டது ஏன் என்னும் ஐயம் அவரைப் பற்றிக்கொண்டது. பின்னர்ச் சிலகாலம் இந்தியாவிற் பணிபுரிந்து மீண்டு, தாம் பயின்ற கழகத்திலேயே ஆசிரியராக அமர்ந்து, ஒலியையும் அதனை மனிதர் உணரும் முறையையும் ஆராயலானார்.

அவர் கண்டதை நமது ஊர்க் கோயிலை வைத்தே விளக்கலாம். வெளிவீதியிலே திறந்தவெளியில் ஒலிக்கும் நாதஸ்வரம் ஒரு தன்மையது. அதே நாதஸ்வரம் வசந்தமண்டபத்தின் முன் ஒலிக்கும்போது வேறொரு தன்மையது. இதனைத் திருநெல்வேலியிலே திருவிழாக் கண்டார் யாவரும் உணர்ந்திருப்பர். வீதியிலே வாத்தியத்திலிருந்து நேரே வரும் ஒலியே பெரும்பாலும் எட்டும். உள்ளேயோ சுவரிலும் தூணிலும் கூரையிலும் பட்டு மீளும் ஒலியும் உடன்சேர்ந்து நம்மைச் சூழும். பெரிய இசையரங்கிலே கேட்போர் செவியை அடைவதிற் பெரும்பங்கு இவ்வாறு மீண்டுவரும் ஒலியே என்பதைப் போஸ் அளந்தறிந்தார். அக்கால ஒலிபெருக்கிகளோ ஒலியைக் கேட்போர் முகத்துக்கு நேரே செலுத்துவதையே நோக்கமாகக் கொண்டிருந்தன.

1964இல் தம் பெயரால் நிறுவனம் தொடங்கினார். 1966இல் வந்த முதற்பெட்டி, உருண்டையின் எட்டிலொரு கூறுபோன்ற வடிவில் 22 சிறு ஒலிபெருக்கிகளைக் கொண்டது, அது விலைபோகவில்லை. 1968இல் ‘901’ என்னும் பெட்டி வந்தது. அதிலுள்ள ஒன்பது ஒலிபெருக்கிகளுள் ஒன்றே கேட்போரை நோக்கும். எஞ்சிய எட்டும் பின்சுவரை நோக்கும். சுவரிற் பட்டு மீண்ட ஒலி அறையை அரங்கம்போல் ஆக்கியது. மக்கள் விரும்பி வாங்கினர். போஸ் என்னும் பெயர் வீடுதோறும் பரவிற்று.

நுண்ணிசை வல்லாரோ உடன்படவில்லை. 1970இல் கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் என்னும் இதழ், இப்பெட்டியில் தனித்தனி வாத்தியங்களின் ஒலி பேரளவினதாய்ப் பெருகி அறையெங்கும் அலைவதுபோலத் தோன்றுகிறது எனக் குறைகூறியது. போஸ் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. முதல் மன்றத்தில் வென்றது, மேன்முறையீட்டில் தோற்றது. ஈற்றில் 1984இல் அமெரிக்க உயர்நீதிமன்றம், பொய்யென அறிந்தே எழுதியமைக்குச் சான்று போதாதெனக் கொண்டு இதழின் பக்கமே தீர்த்தது. ஆறு நீதிபதிகள் ஒருபக்கமும் மூவர் மறுபக்கமும் நின்ற தீர்ப்பு அது. கேட்டவர் தம் செவிக்குப் பட்டதைக் கூறுதற்கு வழக்கால் விடைதேடியது, செவியையே சான்றாகக் கொண்ட அறிஞருக்கு அழகன்று என்பதே எமது கருத்து.

மற்றொரு துறையிலோ அவர் அடைந்த வெற்றி பெரிது. 1978இல் சூரிச் நகரிலிருந்து விமானத்தில் மீளும்போது, ஹெட்போனில் இசையை விமான இரைச்சல் மறைப்பதைக் கண்டார். இரைச்சலுக்கு நேரெதிரான அலையை உண்டாக்கி அதனாலேயே அதை அடக்கலாமென எண்ணி, இருந்த இருக்கையிலேயே கணிதம் செய்யத் தொடங்கினார். 1989இல் விமானிகளுக்குரிய கருவி விற்பனைக்கு வந்தது. 2000இல் பொதுமக்களுக்கும் எட்டியது. கணக்கிட்டு முடித்த அன்றிலிருந்து பயன்வரப் பல்லாண்டு பொறுத்திருக்க முடிந்தது, நிறுவனத்தின் பங்குகளைச் சந்தையில் விற்காது ஆதாயத்தை ஆய்விலேயே இட்டமையாலாகும்.

2001 வரை மாணாக்கருக்குக் கற்பித்தலை அவர் விடவில்லை. 2011இல் தம் நிறுவனப் பங்குகளிற் பெரும்பான்மையைத் தாம் பயின்ற கழகத்துக்கே நன்கொடையாக்கினார். 2013ஆம் ஆண்டு யூலை மாதம் 12ஆந் திகதி எண்பத்துமூன்றாம் வயதிற் காலமானார்.

அவருக்குப் பின், 2024இல், போஸ் நிறுவனம் மக்கின்ரொஷ் குழுமத்தை விலைக்கு வாங்கியது. 1949இல் தோன்றிய மக்கின்ரொஷ், நுண்ணிசை வல்லார் போற்றும் பெயர்; அதனுடன் வந்த இத்தாலிய நிறுவனமாகிய சோனஸ் பாபரும் அத்தகையதே. இதனால் பொதுமக்கள் பெயர் உயர்ந்தோர் அவையை வென்றுவிட்டதென்னலாமோ? ஏட்டுச்சுவடியை விலைகொடுத்து வாங்கியவர் புலவராகார். பொருளால் அவையில் இருக்கை கிடைக்கும். பாராட்டைச் செய்திறனே தரவேண்டும். ஆயினும் பலர் வாங்குகின்றனர் என்னும் ஒன்றையே காட்டி ஒரு பெயரைத் தாழ்த்துதலும் நடுநிலையன்று. ஹெட்போன் துறையிலே பெரும்புகழ் நிறுவனங்கள் செய்யாததை அப்பெயரே செய்தது. எனவே பொதுமக்கள் பெயர் அவ்வவையிற் போட்டியிடல் கூடும். பெயரை மறைத்துவைத்துக் கேட்பினும் செவி இசையுமாறு செய்தல் வேண்டும் என்பதே நிபந்தனை.

சோனஸ் பாபர் தன் சிறந்த பெட்டிகளுக்கு அமாத்தி, குவார்னேரி, ஸ்திராதிவாரி என்று பழைய வயலின் வினைஞர் பெயர்களைச் சூட்டியது. 1956இல் வயலின் ஒலி பொய்த்ததென்று மனம் நொந்த இளைஞரின் நிறுவனம் இன்று அப்பெயர்களுக்கும் உரியதாயிற்று. அவற்றில் வயலின் வயலினாகவே ஒலித்தல் வேண்டும். அதுவே அவருக்குச் செய்யும் நன்றியாகும்.