அணையா அடுப்பும் ஆன்மநேயமும்



நாம் வாழும் ஜெர்சி சிட்டியில் பல சமயத்தாரும் அருகருகே வாழ்கின்றனர். கோயில் மணியோசையும், தேவாலய மணியோசையும், பள்ளிவாசல் தொழுகையும் இந்நகருக்குப் பொதுவானவை. ஆகவே பள்ளியில் உடன் பயிலும் தோழர்கள் நம் பிள்ளைகளை நோக்கி, நீங்கள் எந்தச் சமயத்தவர் என்று வினவுவது இயல்பே. அவ்வினாவிற்கு ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் அதனைத் தொடர்ந்து பிள்ளைகள் நம்மிடம் கேட்கும் மற்றொரு வினாவிற்கு விடை கூறுவது எளிதன்று. கோயிலுக்குச் செல்வதும் விரதம் இருப்பதும் திருநீறு அணிவதுமே ஆன்மிகம் ஆகுமா? இவற்றைச் செய்யாதவரிடம் ஆன்மிகம் இல்லையா? இதுவே அவ்வினா.

பெற்றோராகிய நம்மிடையே இருவகைக் கருத்துகள் உள்ளன. பிள்ளைகளை வாரந்தோறும் கோயிலுக்கு அழைத்துச் சென்றால் நம் கடமை முடிந்தது என்று ஒரு சாரார் அமைதி கொள்கிறோம். கோயிலுக்கு வர மறுக்கும் பிள்ளை எல்லாவற்றையும் இழந்துவிட்டது என்று மற்றொரு சாரார் அஞ்சுகிறோம். அந்த அமைதியும் முழுதும் சரியன்று. இந்த அச்சமும் முழுதும் சரியன்று. இதனை ஏட்டளவில் ஆராய்வதைவிட, ஒரு பெரியாரின் வாழ்க்கையில் வைத்துக் காண்பது நலம் பயக்கும். அப்பெரியார், வள்ளலார் என்று தமிழுலகம் போற்றும் இராமலிங்க அடிகள் ஆவார்.

இளமை

சிதம்பரத்தை அடுத்த மருதூரில், இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது மகவாக 1823 ஆம் ஆண்டு அக்டோபர் 5 ஆம் நாள் அடிகளார் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபொழுது பெற்றோர் அவரைத் தில்லைக்கு எடுத்துச் சென்றனர் என்றும், அங்கே திரை விலகியதும் குழந்தை நகைத்தது என்றும் அவர் வரலாற்றைக் கூறுவோர் சொல்வர். ஓராண்டு நிறைவதற்குள் தந்தையார் மறைந்தார். அன்னையார் மக்களுடன் சென்னையில் குடியேறினார். மூத்தவராகிய சபாபதி பிள்ளை புராணச் சொற்பொழிவு ஆற்றிக் குடும்பத்தைக் காத்து வந்தார்.

தம்பியும் தம்மைப்போல் கற்றுச் சிறக்க வேண்டும் என்று விரும்பிய தமையனார், அவரைக் காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் கல்வி பயில அனுப்பினார். சிறுவரோ பாடத்தில் மனம் செலுத்தாது கந்தகோட்டத்து முருகன் சந்நிதியிலேயே பொழுதைக் கழித்தார். அவர் அங்கு நின்று பாடுவதைக் கேட்ட ஆசிரியர், இப்பிள்ளைக்குத் தாம் கற்பிக்க வேண்டுவது ஒன்றும் இல்லை என்று கூறிச் சென்றார் என்பர். தமையனார் சினந்து, வீட்டில் உணவளிக்கலாகாது என்று ஆணையிட்டார். அண்ணியார் பாப்பாத்தி அம்மையார் மனம் பொறாது, கணவர் அறியாமல் கொழுந்தனாருக்கு அன்னமிட்டார். பின்னாளில் பசித்தோர்க்கெல்லாம் அன்னமிட்ட பெருமான், பசியின் கொடுமையையும் அன்னமிடும் கையின் அருமையையும் இளமையிலேயே நேரில் உணர்ந்திருந்தார் என்பதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும்.

பின்னர் வீட்டு மாடியில் தமக்கென ஓர் அறையைப் பெற்ற சிறுவர், அங்கே ஒரு கண்ணாடியை நிறுத்தி, அதன் முன் விளக்கேற்றித் தியானத்தில் அமர்ந்தார். அக்கண்ணாடியில் தணிகைமலை முருகனைக் கண்டார் என்பது வரலாறு. கண்ணாடி பார்ப்பவரின் முகத்தையே காட்டும் பொருள். தம்மைக் காட்டும் கண்ணாடியில் இறைவனைக் கண்டவர், இறைவனைத் தம்முள்ளும் தேட வேண்டும் என்பதைச் சொல்லாமற் சொல்லினார் எனலாம். எனினும் அவர் கோயிலை விட்டுவிடவில்லை. கந்தகோட்டத்தில் தெய்வமணி மாலை பாடியதுபோலவே, திருவொற்றியூருக்கும் நாள்தோறும் நடந்து சென்று பாடினார். சமய வழிபாடு அவருக்கு ஏறிச் செல்லும் படியாக அமைந்தது.

புகழை விரும்பாத புலமை

ஒருமுறை தமையனார் நோயுற்றபொழுது, அவருக்கு மாற்றாகச் சோமு செட்டியார் இல்லத்திற்குச் சென்ற இளைஞர் இராமலிங்கர், சேக்கிழாரின் பெரியபுராணத்தைப் பற்றி நெடுநேரம் உரையாற்றி அவையோரை வியக்கச் செய்தார். அன்று முதல் அவர் புகழ் பரவியது. 1850 இல் தமக்கையார் மகளை உறவினர் விருப்பத்திற்கிணங்க மணந்தார். ஆயினும் அவர் மனம் இல்வாழ்வில் பற்றவில்லை. 1854 இல் மனுமுறை கண்ட வாசகம் என்னும் உரைநடை நூல் வெளிவந்தது. தேர்க்காலில் இறந்த கன்றுக்காகத் தன் மகனையே இழக்கத் துணிந்த சோழ மன்னனின் வரலாறு அது. கன்றின் உயிரும் அரசிளங்குமரனின் உயிரும் ஒரே மதிப்புடையன என்னும் கருத்து அப்பொழுதே அடிகளாரின் உள்ளத்தில் வேரூன்றியிருந்தது.

1858 அளவில் சென்னையை நீங்கிய அடிகளார், சிதம்பரத்தை வழிபட்டுக் கருங்குழி என்னும் சிற்றூரில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கினார். துறவிகள் உடுத்தும் காவியை அவர் உடுத்தவில்லை; வெள்ளாடையால் தலையையும் உடலையும் போர்த்தியிருந்தார். அவருடைய பாடல்களை அச்சிட அன்பர்கள் விரும்பியபொழுது இசையவில்லை. இறுக்கம் இரத்தின முதலியார் என்னும் அன்பர், இசைவு கிட்டும்வரை நாளொன்றுக்கு ஒருவேளை உணவே கொள்வதென்று உறுதி பூண்டார். தம் பொருட்டு ஒருவர் பட்டினி கிடப்பதைப் பொறாத அடிகளார் அதன் பின்னரே இசைந்தார். நூலில் தம் பெயருடன் சாமி என்னும் சொல்லைச் சேர்க்க வேண்டா என்றும் கடிதம் எழுதினார். அவருடைய முதல் மாணாக்கராகிய தொழுவூர் வேலாயுத முதலியார் முயற்சியால், திருவருட்பா என்னும் பெயருடன் முதல் நான்கு திருமுறைகள் 1867 இல் வெளிவந்தன.

பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தும் பள்ளிகள் நிறுவியும் சைவத்தைக் காத்த யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், இப்பெயரை ஏற்கவில்லை. திருமுறை, அருட்பா ஆகிய பெயர்கள் முன்னோர் பாடல்களுக்கே உரியன என்பது அவர் கொள்கை. இப்பிணக்கு நூல்களில் வளர்ந்து, 1869 இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இருவருமே சான்றோர். ஒருவர் மரபின் வரம்பைக் காக்க முனைந்தார். மற்றவர் வரம்புகளுக்கு அப்பால் உள்ள பொதுவான பொருளை நாடினார். மரபைக் காப்பதும் வேண்டும். மரபு எதற்காக உள்ளது என்பதை உணர்வதும் வேண்டும்.

அடுப்பும் சபையும்

1865 இல் அடிகளார், சமரச வேத சன்மார்க்க சங்கம் என்னும் அமைப்பை நிறுவினார். பின்னர் 1872 இல் அதன் பெயரைச் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என மாற்றியமைத்தார். சாதி, சமய வேறுபாடின்றி எல்லா உயிர்களையும் தம்முயிர்போல் கருதும் பண்பே அதன் அடிப்படை. இதனை அவர் ஆன்மநேய ஒருமைப்பாடு என்று குறித்தார்.

1867 ஆம் ஆண்டு மே 23 ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தை மனமுவந்து அளித்தனர். அன்று மூட்டப்பெற்ற அடுப்பின் தீ இன்றளவும் அணையாது காக்கப்பட்டு வருகிறது. அடிகளார் மறைந்தபின் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. அதற்குப் பின்னும் எத்தனையோ இடர்கள் வந்து சென்றன. வந்தோர்க்கு அன்னமிடும் பணி மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது.

ஐந்தாண்டுகள் கழித்து, 1872 ஆம் ஆண்டு சனவரி 25 ஆம் நாள் தைப்பூசத்தன்று, எண்கோண வடிவில் எழுந்த சத்திய ஞானசபையில் வழிபாடு தொடங்கியது. அங்கே இறையுருவச் சிலை இல்லை. கண்ணாடியும் விளக்கொளியுமே உண்டு. அவ்வொளியை ஏழு நிறத் திரைகள் மறைத்துள்ளன. தைப்பூசத்தன்று ஏழு திரைகளும் விலக, மக்கள் சோதியைக் காண்கின்றனர். இளமையில் மாடியறையில் இருந்த அதே கண்ணாடியும் விளக்கும் இப்பொழுது உலகோர் அனைவர்க்கும் பொதுவாயின. ஒளி எங்கிருந்தோ வருவதன்று, அது முன்னரே உள்ளது, அதனை மறைப்பவை நம் அறியாமைத் திரைகளே என்பதே அவ்வமைப்பின் உட்பொருள்.

இங்கே நாம் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஞானசபையினுள் நுழைவதற்கு ஒரு வரையறை உண்டு. கொலையும் புலையும் தவிர்த்தவர்களே உட்புகலாம். ஏனையோர் வெளியில் நின்று வழிபட வேண்டும். ஆனால் தருமச்சாலையில் உண்பதற்கு எந்த வரையறையும் இல்லை. பசித்து வந்தவரிடம் நாடு, சாதி, சமயம், ஒழுக்கம் எதனையும் வினவலாகாது, பசி ஒன்றே போதிய தகுதி என்று அடிகளார் சீவகாருணிய ஒழுக்கம் என்னும் தம் உரைநடை நூலில் வலியுறுத்துகிறார். வழிபாட்டிற்கு நெறிமுறை உண்டு. கருணைக்கு நிபந்தனை இல்லை. சமய ஆசாரத்திற்கும் ஆன்மிகத்திற்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாக விளக்க இயலுமோ? அடுப்பை முதலில் மூட்டிய பின்னரே அவர் சபையை எழுப்பினார் என்பதும் எண்ணத்தக்கது.

நிறைவுக் காலம்

அடிகளார் வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில், சித்திவளாகம் எனப் பெயரிட்ட இல்லத்தில் இறுதிக் காலத்தைக் கழித்தார். 1873 ஆம் ஆண்டு அக்டோபர் 22 ஆம் நாள் அங்குக் கொடியேற்றி, பேருபதேசம் எனப் போற்றப்படும் உரையை நிகழ்த்தினார். தாம் முன்னர்ச் சைவ சமயத்தில் எவ்வளவு அழுத்தமான பற்றுக் கொண்டிருந்தார் என்பதையும், அப்பற்றை எவ்வாறு விட்டொழித்தார் என்பதையும் அன்று எடுத்துரைத்தார். தம்மைத் தாமே ஆராயும் விசாரணையையும், எவ்வுயிர்க்கும் இரங்கும் தயவையும் மேற்கொள்ளுமாறு அன்பர்களை வேண்டினார்.

1874 ஆம் ஆண்டு சனவரி 30 ஆம் நாள் இரவு தம் அறையினுள் சென்று கதவை மூடச் செய்தார். அதன்பின் அவரை எவரும் காணவில்லை. அரசு அதிகாரிகள் வந்து விசாரித்துச் சென்றனர். அவர் ஒளியுடம்பு எய்தினார் என்பது அன்பர்களின் உறுதியான நம்பிக்கை. அப்பொழுது அவருக்கு வயது ஐம்பது.

அடிகளாரின் செய்தி கடல் கடந்து சென்ற வரலாற்றில் நம் மாநிலத்திற்கும் ஒரு தொடர்புண்டு. நியூஜெர்சியின் ஆரஞ்சு நகரில் 1832 இல் பிறந்த கர்னல் ஆல்காட், ஹட்சன் ஆற்றின் அக்கரையிலுள்ள நியூயார்க்கில் 1875 இல் பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் ஒருவர். அச்சபையினர் பின்னர்ச் சென்னைக்கு வந்தனர். தொழுவூர் வேலாயுத முதலியார் தம் ஆசிரியரைப் பற்றி 1882 இல் அவர்களுக்கு எழுதியளித்த குறிப்பு, ஆங்கிலம் அறிந்தோரிடையே அடிகளாரின் பெயரைப் பரப்பியது.

நாம் பெறும் பாடம்

நம் தமிழ்ப் பள்ளியில் வருகைப் பதிவேடு ஒன்றுண்டு. ஒரு மாணவர் எல்லா வாரங்களும் வந்திருக்கலாம். அதனால் மட்டுமே அவர் தமிழ் கற்றுவிட்டார் என்று நாம் கூறுவதில்லை. பள்ளிக்கே வராமல் கற்பதும் பெரும்பாலோர்க்கு அரிது. கோயிலும் அத்தகையதே. அங்குச் செல்வது வருகைப் பதிவு; உள்ளம் கனிவது கல்வி. சமயத்தைப் பெற்றோர் பிள்ளைகளுக்கு அளிக்க இயலும். ஆன்மிகமோ ஒவ்வோர் உயிரிலும் முன்னரே உள்ளது. அதனை மறைக்கும் திரைகளை விலக்கத் துணைபுரிவதே நாம் செய்யக்கூடியது.

ஆதலால், பெற்றோர்களே, கோயிலுக்கு வரத் தயங்கும் பிள்ளை, மதிய உணவின்றி அமர்ந்திருக்கும் தோழனுடன் தன் உணவைப் பகிர்ந்து கொள்ளுமாயின், அப்பிள்ளையிடம் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது என்று மகிழுங்கள். மாணவச் செல்வங்களே, நீங்கள் நாள்தோறும் வழிபடுபவராயின் மிக நன்று. அவ்வழிபாடு உங்களை அயலாரிடம் அன்புடையவராக ஆக்குகிறதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். இந்நகரிலும் பசித்தோர் உளர். அவர்க்கு உணவளிக்கும் அறநிலையங்களும் உள. விடுமுறை நாள்களில் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே சென்று அங்குப் பரிமாறுவோமாயின், ஆன்மிகம் யாது என்னும் வினாவிற்கு நாம் அளிக்கும் விடை, பிள்ளைகள் நேரில் காணும் விடையாக அமையும்.

வடலூரில் 1867 இல் ஏற்றிய தீயைக் காப்பவர்கள் நாள்தோறும் விறகிடுகின்றனர். நம் இல்லங்களிலும் அக்கருணைத் தீயை அணையாது காப்போமாக.